வயர்லெஸ்ஸில் எளிய மொழி: எண் குறியீட்டைக் கைவிடுவது ஏன், எப்படி

அவசர சேவையில் வயர்லெஸ் வழியாகப் போகும் ஒவ்வொரு செய்தியும் ஒரு வேலைக்கான உத்தரவு. தீயணைப்பு வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், ஆம்புலன்ஸ் எத்தனை பேருக்குத் தயாராக வர வேண்டும், காவலர் கதவைத் திறந்து உள்ளே போகலாமா கூடாதா என்பதெல்லாம் ஓரிரு வாக்கியங்களில் தீர்மானமாகிவிடுகின்றன. அந்த வாக்கியங்களுக்குப் பதிலாக எண்களைச் சொல்லும் பழக்கம் அமெரிக்கப் போலீஸ் துறைகளில் 1930களின் இறுதியில் தொடங்கியது. கடந்த அரை நூற்றாண்டாக அதே நாடு அந்தப் பழக்கத்திலிருந்து படிப்படியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் முடிவு இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று, எண் குறியீட்டைப் பேரிடர் நாளில் மட்டும் விட்டால் போதாது, அன்றாடப் பணியிலேயே விட வேண்டும். இரண்டு, குறியீடு இருந்த இடத்தில் வாய்க்கு வந்த பேச்சை வைக்கக் கூடாது, எல்லோரும் கூடி முடிவுசெய்த சொற்களை வைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்த துறைகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

குறியீடு பிறந்ததற்கு நல்ல காரணம் இருந்தது

எண் குறியீட்டை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. 1937ல் இல்லினாய் மாநிலப் போலீஸில் தகவல் தொடர்புப் பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ஹாப்பர் பத்து என்ற எண்ணில் தொடங்கும் குறியீட்டு வரிசையை வகுத்தார். அன்றைய ரோந்து வண்டிகளில் இருந்த வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தர ஒரு சிறிய மோட்டார் ஜெனரேட்டர் சுழல வேண்டும். மைக்கின் பொத்தானை அழுத்தியதும் அது முழு வேகத்தை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பேசியவரின் முதல் அசை காற்றோடு போய்விடும். ஒவ்வொரு செய்திக்கு முன்னும் ‘டென்’ என்று சொன்னால், இழக்கப்படுவது அந்தச் சொல்லாக இருக்கும், பொருள் தரும் எண் தப்பிவிடும். அதோடு அன்று போலீஸுக்குக் கிடைத்த அலைவரிசைகள் மிகக் குறைவு. ஒருவர் நீட்டிப் பேசினால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். இரைச்சல் நிறைந்த அந்தக் கருவிகளில் முழு வாக்கியத்தைவிட ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்வதும் எளிது. பொதுப் பாதுகாப்புத் தகவல் தொடர்பு அலுவலர்களின் சங்கமான ஆப்கோ 1940ல் இந்த வரிசையைத் தன் இதழில் வெளியிட, அது நாடெங்கும் பரவியது. 1955ல் தொடங்கிய ‘ஹைவே பேட்ரோல்’ தொலைக்காட்சித் தொடரும், 1970களில் லாரி ஓட்டுநர்களிடையே பரவிய சி.பி. ரேடியோவும் ‘டென்-ஃபோர்’ என்ற ஒப்புதல் சொல்லைப் பொதுமக்களின் வாயிலும் ஏற்றிவிட்டன.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, குறியீட்டுக்கான காரணங்கள் எல்லாமே அன்றைய கருவியின் குறைகளிலிருந்து வந்தவை என்பதுதான். இன்றைய கருவியில் சுழன்று வேகம் எடுக்க வேண்டிய ஜெனரேட்டர் இல்லை. பொத்தானை அழுத்தி ஒரு கணம் பொறுத்துப் பேசினால் முதல் சொல்லே முழுதாகப் போய்ச் சேரும். டிஜிட்டல் வயர்லெஸ் அமைப்புகள் பல குழுக்களுக்குத் தனித்தனிப் பேச்சுத் தடங்களைத் தருகின்றன. கிளம்பிவிட்டேன், வந்து சேர்ந்துவிட்டேன், வேலை முடிந்தது போன்ற அன்றாட நிலைத் தகவல்களை வண்டிக்குள் இருக்கும் கணினித் திரையில் ஒரு பொத்தானே சொல்லிவிடுகிறது. காரணங்கள் விலகிய பிறகும் பழக்கம் நிற்கிறது. பழக்கம் நிற்பதில் தவறில்லை, அதனால் தீங்கு இல்லாதவரை. தீங்கு இருக்கிறது என்பதை அடுத்துக் காண்போம்.

ஒரே எண்ணுக்குப் பல பொருள்

அமெரிக்காவில் போலீஸ் என்பது ஒரே நிர்வாகம் அல்ல. நகரம், கவுன்ட்டி, மாநிலம், மத்திய அரசு, பல்கலைக்கழகம், ரயில்வே என்று சுமார் 18,000 தனித்தனிச் சட்ட அமலாக்க அமைப்புகள் அங்கே இருக்கின்றன. ஆப்கோவின் பட்டியலை ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. சில எண்களை நீக்கியது, சிலவற்றுக்குப் புதுப் பொருள் தந்தது, சிலவற்றைச் சேர்த்தது. நியூயார்க் நகரப் போலீஸில் 10-13 என்றால் காவலர் ஒருவர் ஆபத்தில் இருக்கிறார், உடனே உதவி தேவை என்று பொருள். வேறு பல துறைகளின் பட்டியலில் அதே எண் வானிலையையும் சாலையின் நிலையையும் குறிக்கிறது. பல இடங்களில் 10-33 பொதுவான அவசர நிலையைச் சொல்லும், நியூயார்க் போலீஸில் அது வெடிபொருள் பற்றிய தகவல். பல துறைகளில் 10-50 என்றால் வாகன விபத்து, நியூயார்க் போலீஸிலோ ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் ஆள் அல்லது கூட்டம். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் வேறு வழியில் போய், கலிஃபோர்னியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்களையே பேச்சுக்கு எடுத்துக்கொண்டது: 211 என்றால் கொள்ளை, 187 என்றால் கொலை. அதே மாநிலத்தின் நெடுஞ்சாலைப் போலீஸ் பதினொன்றில் தொடங்கும் ஒரு வரிசையையும் வைத்திருக்கிறது. அதில் 11-99 காவலருக்கு உதவி தேவை என்பதைக் குறிக்கும். ஒரே நகரத்தில்கூடப் போலீஸின் பட்டியலும் தீயணைப்புத் துறையின் பட்டியலும் ஒன்றாக இருப்பதில்லை.

தன் எல்லைக்குள் மட்டும் வேலை செய்யும் துறைக்கு இது பெரிய சிக்கல் அல்ல. சிக்கல் எல்லைகள் கலக்கும்போது வருகிறது. பெரிய விபத்து, காட்டுத் தீ, புயல், துப்பாக்கிச் சூடு ஆகியவற்றில் அக்கம்பக்கத்துத் துறைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. அப்போது புரியாத எண்ணைக் கேட்பதைவிட, தெரிந்த எண்ணைத் தவறான பொருளில் கேட்பதுதான் பெரிய ஆபத்து. புரியாதவர் திருப்பிக் கேட்பார். தவறாகப் புரிந்துகொண்டவர் திருப்பிக் கேட்கமாட்டார், தான் புரிந்துகொண்டபடி நம்பிக்கையோடு செயல்பட்டுவிடுவார். உதவிக்கு ஏங்கும் காவலரின் குரலை வானிலைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒரு முறை இருந்தாலும் அந்தக் குறியீடு கூட்டுப் பணிக்கு ஏற்றது அல்ல.

தீயணைப்பாளர்கள் முதலில் கற்ற பாடம்

இதை முதலில் உணர்ந்தவர்கள் காட்டுத் தீயோடு போராடியவர்கள். 1970ல் கலிஃபோர்னியாவில் 13 நாட்களில் பரவிய தீயில் 16 பேர் இறந்தனர், சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன, 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆள்பலத்திலும் கருவியிலும் குறைவில்லாத துறைகள் அங்கே நின்றன. அவை ஒன்றாகச் சேர்ந்து இயங்கத்தான் திணறின. கட்டளை அமைப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம், பொறுப்புகளின் பெயர்களும் வேறு, வயர்லெஸ்ஸில் பேசும் முறையும் வேறு. அமெரிக்க வனத்துறை, கலிஃபோர்னிய மாநிலத் துறைகள், லாஸ் ஏஞ்சலஸ் நகரம், லாஸ் ஏஞ்சலஸ், வென்ச்சுரா, சான்டா பார்பரா கவுன்ட்டிகளின் தீயணைப்புத் துறைகள் ஆகியவை சேர்ந்து ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டுத் திட்டத்தை உருவாக்கின. சம்பவக் கட்டளை முறை என்று இன்று உலகம் அறிந்த நிர்வாக முறை அதிலிருந்து வந்தது. அதன் அடிப்படை விதிகளில் ஒன்று பொதுச் சொற்கள்: பொறுப்புக்கும் கருவிக்கும் இடத்துக்கும் ஒரே பெயர், வயர்லெஸ்ஸில் எண் இல்லாத தெளிவான பேச்சு.

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த விதி நாடு முழுமைக்கும் ஆனது. 2003 பிப்ரவரி 28 அன்று வந்த அதிபரின் ஆணை, தேசிய அளவில் ஒரே சம்பவ மேலாண்மை முறையை வகுக்கச் சொன்னது. நிம்ஸ் எனப்படும் அந்த முறை 2004 மார்ச் 1ல் வெளியானது. பல துறைகள் சேர்ந்து பணியாற்றும் நிகழ்வுகளில் எளிய மொழியில்தான் பேச வேண்டும் என்பதை மத்திய அரசு 2006 நிதியாண்டின் மானியங்களுக்கு நிபந்தனையாக்கியது. போலீஸ் துறைகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பவே, ஒரு துறைக்குள் நடக்கும் அன்றாடப் பேச்சில் எண் குறியீடு இருந்துகொள்ளலாம் என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. அன்றாடப் பணியிலும் எளிய மொழியைப் பழகுவது நல்லது என்ற அறிவுரையை மட்டும் அதோடு சேர்த்தது. வர்ஜீனியா மாநிலம் ஒரு படி மேலே சென்று, 2006ல் மாநிலம் தழுவிய பொது மொழி நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. காவலரின் பாதுகாப்பு சார்ந்த ஒருசில சூழல்களுக்கு மட்டும் குறியீட்டை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வார்த்தைகளுக்கு மாற்றியது.

2006ல் மத்திய அரசு செய்த அந்தச் சமரசத்தைத்தான் இந்த அத்தியாயம் ஏற்கவில்லை. சாதாரண நாளில் எண், பேரிடர் நாளில் வார்த்தை என்ற ஏற்பாடு காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் நெருக்கடியில் மனிதன் புதிதாக யோசித்துப் பேசுவதில்லை, பழகியதையே பேசுகிறான். இதயத் துடிப்பு ஏறி, கவனம் குறுகி, கை நடுங்கும் நேரத்தில் வாயிலிருந்து வருவது ஆயிரம் முறை சொல்லிப் பழகிய சொல்தான். பயிற்சி என்ற ஏற்பாடே இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. அப்படியிருக்க, ஆண்டு முழுவதும் எண்ணில் பேசிய காவலர், வாழ்நாளின் மிக மோசமான நாளில் மட்டும் வார்த்தைக்கு மாறிவிடுவார் என்று எதிர்பார்ப்பது பயிற்சியின் தத்துவத்துக்கே எதிரானது. பெரிய நிகழ்வு எதுவும் பெரிய நிகழ்வு என்று அறிவித்துக்கொண்டு தொடங்குவதும் இல்லை. ஒரு சாதாரண அழைப்புக்குத் தனியாகப் போன ரோந்து வண்டிதான் முதலில் அங்கே நிற்கும். அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று துறைகள் வந்துசேரும். மொழியை மாற்ற வேண்டிய கணம் எது என்று அந்த நெருக்கடியில் யார் தீர்மானிப்பது? தீர்மானிக்கவே தேவையில்லாமல் செய்வதுதான் சரியான ஏற்பாடு.

எளிய மொழி தளர்ந்த மொழி அல்ல

இனி இரண்டாம் பகுதி. எண்ணை விட்டு வார்த்தைக்கு வந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. வார்த்தைக்கும் ஊருக்கு ஊர் பொருள் மாறும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல தீயணைப்புத் துறைகள் தண்ணீர் கொண்டுவரும் லாரியை ‘டேங்கர்’ என்று அழைக்கின்றன. மேற்கில் காட்டுத் தீயோடு போராடுகிறவர்களுக்கு டேங்கர் என்றால் வானிலிருந்து தீயின் மேல் கொட்டும் விமானம். டேங்கர் அனுப்புங்கள் என்ற கோரிக்கையில் எண் எதுவும் இல்லை, முழுக்க எளிய மொழிதான். ஆனாலும் அது தவறான பொருளைத் தரும். சம்பவக் கட்டளை முறை இதை ஒரு முடிவால் தீர்த்தது: டேங்கர் என்றால் விமானம், தண்ணீர் லாரிக்கு டென்டர் என்று பெயர். இரண்டில் எது சிறந்த பெயர் என்பது பெரிய விஷயமே அல்ல. எல்லோரும் ஒன்றையே சொல்வதுதான் விஷயம்.

விமானப் போக்குவரத்து இதே பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மோதிய இரண்டில் ஒன்றான கே.எல்.எம். விமானத்திலிருந்து வந்த ஒரு வாக்கியம். புறப்படும் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டோம் என்ற பொருளில் அவர்கள் சொன்னதை, புறப்படும் இடத்தில் காத்திருக்கிறோம் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் வேறு சொல் வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியான்கா 52 விமானத்தில் 73 பேர் இறந்தனர். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் காக்கவைக்கப்பட்ட அந்த விமானத்திலிருந்து, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் முன்னுரிமை வேண்டும் என்றும் எளிய மொழியில்தான் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து வழிவிட வைக்கும் ஆற்றல் கட்டுப்பாட்டாளர்களின் காதில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் இருந்தது.

இந்த மூன்று எடுத்துக்காட்டுகளும் குறியீட்டின் பக்கம் பேசுவதாகத் தோன்றலாம். உண்மையில் அவை பேசுவது உடன்பாட்டின் பக்கம். நல்ல குறியீட்டில் இருந்த பலம், ஒரு பொருளுக்கு ஒரே ஒலி என்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கைத் தக்கவைத்துக்கொண்டு, வெளியாளுக்கும் புரியும் சொல்லை அதில் நிரப்புவதே நாம் தேடும் மாற்றம். ‘மேடே’ இதற்குச் சிறந்த சான்று. கடலிலும் வானிலும் உயிராபத்தைக் குறிக்க உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அழைப்பு அது. அமெரிக்கத் தீயணைப்பாளர்களும் எரியும் கட்டடத்துக்குள் சிக்கிக்கொண்டால் அதையே சொல்கிறார்கள். எண்களைக் கைவிட்ட துறைகளும் மேடேயைக் கைவிடவில்லை. அதற்கு எங்கே போனாலும் ஒரே பொருள்தான்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் சுருக்கம். எண் சொல்ல ஒரு நொடி, வாக்கியம் சொல்ல ஐந்து நொடி என்கிறார்கள். சொல்பவரின் நேரத்தை மட்டும் அளந்தால் இது உண்மை. ஆனால் செய்தி என்பது கேட்பவர் புரிந்து செயல்படும்போதுதான் முடிகிறது. எண்ணைக் கேட்டவர் அதை மனத்தில் பொருளாக மாற்ற வேண்டும். புதியவராக இருந்தால் குறியீட்டு அட்டையைப் பார்க்க வேண்டும். தவறாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு முறை திருப்பிக் கேட்பதில், பல எண்களால் சேமித்த நொடிகள் கரைந்துவிடும். அதோடு எண் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. 10-50 என்று சொன்ன பிறகும் எந்த இடம், எத்தனை பேருக்குக் காயம், சாலை அடைபட்டிருக்கிறதா என்பதை வார்த்தையில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பிரதான சாலைச் சந்திப்பில் வாகன விபத்து, இருவருக்குக் காயம், ஆம்புலன்ஸ் தேவை’ என்ற வாக்கியம் கட்டுப்பாட்டு அறைக்கும் ஆம்புலன்ஸுக்கும் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் புரியும். சுருக்கம் வேண்டும் என்றால் தேவையற்ற மரியாதைச் சொற்களையும் ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லும் வழக்கத்தையும் குறைக்கலாம்.

இரண்டாம் எதிர்வாதம் ரகசியம். வயர்லெஸ் பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனர் கருவி வைத்திருப்பவர் எல்லோரும் கேட்கும் தடத்தில் வெளிப்படையாகப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எண் குறியீடு ஒருபோதும் பூட்டாக இருந்ததில்லை. பட்டியல்கள் அச்சிட்ட நூல்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஸ்கேனர் வாங்கும் அளவுக்கு ஆர்வம் உள்ளவர் அந்தப் பட்டியலையும் பார்த்துவைத்திருப்பார். குறியீடு உண்மையில் தடுப்பது, உதவிக்கு வரும் பக்கத்துத் துறையைத்தான். ரகசியம் தேவைப்படும் தகவலுக்கு மறையாக்கம் செய்த தடம் இருக்கிறது, வண்டியின் கணினித் திரை இருக்கிறது, கைபேசி இருக்கிறது. தேடுதல் வேட்டை போன்ற நுட்பமான நடவடிக்கைகளில் தகவலைக் காக்கச் சிறப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள நிம்ஸும் இடம் தருகிறது.

இதில் ஒரு பகுதியை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். காவலர் ஒருவரைச் சாலையில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள்மேல் பிடியாணை இருப்பதும், அவர் ஆயுதம் வைத்திருக்கக்கூடும் என்பதும் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவருகிறது. அதை வார்த்தையில் சொன்னால் பக்கத்தில் நிற்கும் அந்த ஆளும் கேட்டுவிடுவார், காவலரின் உயிருக்கு ஆபத்து. இத்தகைய சூழலுக்குக் குறியீடு தேவை. வர்ஜீனியா வைத்துக்கொண்ட விலக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் இந்தத் தேவைக்கு நூறு எண்கள் வேண்டாம். மாநிலம் முழுவதும் ஒரே பொருள் தரும் மூன்று நான்கு சொற்றொடர்கள் போதும். எண்ணிக்கை குறைந்தால் யாரும் மறக்கமாட்டார்கள். விலக்கு விதியை உறுதிப்படுத்தும் அளவில் இருக்க வேண்டும், விதியை விழுங்கும் அளவுக்கு வளரக் கூடாது.

மூன்றாம் எதிர்வாதம் பீதி. பொதுமக்கள் காதில் விழும்படி ‘தீ’ என்றோ ‘துப்பாக்கி’ என்றோ சொன்னால் கூட்டம் கலைந்து ஓடி நெரிசலில் சாகும் என்ற அச்சம், மருத்துவமனைகள் ‘கோட் ரெட்’ போன்ற வண்ணக் குறியீட்டை விடாமல் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம். பேரிடர்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய 1963ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்த பேரிடர் ஆய்வு மையத்தின் நிறுவனர்களில் ஒருவர் சமூகவியலாளர் என்ரிக்கோ க்வாரன்டெல்லி. கண்மூடித்தனமான பீதி பேரிடர்களில் அரிது என்பதை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டினார். மக்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்கு உதவுகிறார்கள், தகவல் தேடுகிறார்கள், சொன்னபடி நகர்கிறார்கள். அவர்களிடமிருந்து தகவலை மறைப்பதுதான் தாமதத்தை உண்டாக்குகிறது. தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் துப்பாக்கிச் சூட்டின்போது தவறான குறியீடு அறிவிக்கப்பட்டு மூன்று பேர் இறந்தனர். அதன் பிறகு அங்குள்ள மருத்துவமனைகள் சங்கம் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே குறியீட்டுப் பட்டியலை வகுத்தது. பின்னாளில் பல மாநிலங்களின் மருத்துவமனைச் சங்கங்கள் அதையும் தாண்டி, எச்சரிக்கையின் வகை, என்ன நடந்தது, எங்கே என்ற வரிசையில் எளிய வாக்கியத்தில் அறிவிக்கச் சொல்கின்றன.

நான்காம் எதிர்வாதம் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. குறியீடு ஒரு தொழிலின் அடையாளம், அதைக் கற்றவர் உள்ளே வந்தவர் என்பதற்குச் சாட்சி. இருபது ஆண்டு பேசிய மொழியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்ற மனவருத்தம் உண்மையானது, அதை மதிக்காமல் ஆணை போட்டால் மாற்றம் தோற்கும். ஆனால் ஒரு தொழிலின் பெருமை வெளியாருக்குப் புரியாமல் பேசுவதில் இருக்க வேண்டியதில்லை. விமானியும் மாலுமியும் தங்கள் ஒழுங்கான பேச்சில் பெருமை கொள்கிறார்கள். அந்தப் பேச்சு உலகின் எந்த மூலையில் இருக்கும் சக பணியாளருக்கும் புரிகிறது.

மாற்றத்தை நடத்தும் முறை

முதல் வேலை, இன்று உண்மையில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பதிவுகளிலிருந்து எடுப்பது. அட்டையில் நூறு எண்கள் இருந்தாலும் அன்றாடம் புழங்குபவை அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கும். புழங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் அல்லது ஒரு குறுவாக்கியம் முடிவாக வேண்டும். இதை அதிகாரி ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களும் ரோந்தில் இருப்பவர்களும் பக்கத்து ஊர்த் துறைகளும் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும். டேங்கர் போல இரட்டைப் பொருள் தரும் சொற்கள் அந்த மேசையில்தான் வெளிப்படும். துறைக்குள் மட்டும் புரியும் எழுத்துச் சுருக்கங்களையும் எண்ணோடு சேர்த்தே நீக்க வேண்டும். எண் போய் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்தால் மாற்றம் பெயரளவில் நின்றுவிடும். பிறகு செய்தியின் வரிசையை நிலைநிறுத்த வேண்டும்: யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன நடக்கிறது, என்ன தேவை. இடம் எப்போதும் நிகழ்வுக்கு முன்னால் வரட்டும். பேச்சு பாதியில் அறுந்தாலும் உதவி அங்கே போய்ச் சேரும். கேட்டவர் முக்கியமான பகுதியைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ‘புரிந்தது’ என்ற ஒற்றைச் சொல், கேட்டது என்பதற்குத்தான் சான்று, சரியாகப் புரிந்தது என்பதற்கு அல்ல.

மாற்றத்துக்கு ஒரு தேதி வேண்டும். இரண்டு மொழியும் காலவரையின்றிச் சேர்ந்து புழங்கினால் பழையதே வெல்லும். அந்தத் தேதிக்கு முன் சில வாரங்கள் கட்டுப்பாட்டு அறை மட்டும் வார்த்தையில் பேசத் தொடங்கலாம். நாள் முழுவதும் எல்லோர் காதிலும் விழும் குரல் அதுதான், மற்றவர்கள் அதைப் பின்பற்றிவிடுவார்கள். பழக்க தோஷத்தில் எண் சொல்லிவிடுபவரைத் தடத்தில் கண்டிக்கக் கூடாது. கட்டுப்பாட்டாளர் அதையே வார்த்தையில் திருப்பிச் சொன்னால் போதும், திருத்தமும் உறுதிப்படுத்தலும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். விலக்காக வைத்துக்கொண்ட மூன்று நான்கு பாதுகாப்புச் சொற்றொடர்களைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். அரிதாகப் பயன்படுவதுதான் முதலில் மறந்துபோகும். பக்கத்துத் துறைகளோடு கூட்டு ஒத்திகை நடத்தி, பதிவை மூன்றாவது துறையைச் சேர்ந்த ஒருவருக்குப் போட்டுக்காட்டி, எந்த இடத்தில் அவர் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திருத்தம் அந்த இடத்திலிருந்து தொடங்கும்.

தமிழ்நாட்டில் இந்த நூலைப் படிப்பவர்களுக்கு இரண்டு இடங்களில் இது நேரடியாகப் பொருந்தும். ஒன்று மருத்துவமனை. இங்குள்ள பெரிய மருத்துவமனைகளிலும் ‘கோட் புளூ’, ‘கோட் ரெட்’ போன்ற அறிவிப்புகள் ஒலிபெருக்கியில் வருகின்றன. நோயாளியின் துணைக்கு இருப்பவருக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் நேற்று வேலைக்குச் சேர்ந்த காவலாளிக்கும் அதன் பொருள் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதயம் நின்ற நோயாளிக்கு மருத்துவக் குழுவை அழைக்கும் குறியீடு அந்தக் குழுவுக்கு மட்டும் புரிந்தால் போதும், அது இருந்துவிட்டுப் போகட்டும். தீ போன்ற எல்லோரும் நகர வேண்டிய ஆபத்துக்குத் தமிழிலேயே, எந்த மாடி, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். இரண்டாவது, வெள்ளமும் புயலும். அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரில் பல மாநிலத்தவர் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அத்தகைய படைகளோடு மீனவர்களும் தங்கள் படகுகளுடன் மீட்பில் இறங்கினார்கள். இந்தியும் தமிழும் ஆங்கிலமும் கலக்கும் களத்தில் எளிய மொழி தானாக உருவாகிவிடாது. படகு, நோயாளி, கர்ப்பிணி, மின்கம்பி, நிறுத்து, திரும்பு என்பன போன்ற ஒரு கை அளவு சொற்களை மழைக்காலத்துக்கு முன்பே எல்லாத் தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்குப் புதுக் கருவி தேவையில்லை. அதனாலேயே இது தள்ளிப்போடப்படுகிறது: டெண்டர் விட ஒன்றுமில்லை, திறப்பு விழா இல்லை, தேவை தலைமையின் உறுதி மட்டும்தான். துறைத் தலைவரே தன் அழைப்பை எண்ணில் தொடங்கினால் எந்தச் சுற்றறிக்கையும் பயன் தராது. எனவே உத்தரவு போடும் அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் பேச்சை முதலில் மாற்றட்டும். கட்டுப்பாட்டு அறை அடுத்த வாரம் மாறட்டும், மற்றவர்கள் குறித்த தேதியில் மாறட்டும். பக்கத்துத் துறையை ஒத்திகைக்கு அழைக்கும் கடிதத்தை இன்றே எழுதிவிடலாம்.